மாடித்தோட்டச் செடிக்கு என்ன ஆச்சு? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

செடி கொஞ்சம் சுணங்கினால் போதும், நம் கை நேராக உர டப்பாவுக்குப் போகிறது. மண்புழு உரம் ஒரு கைப்பிடி, கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஒரு குவளை, அதற்கும் அசையவில்லை என்றால் யூரியா. தொட்டியில் சாகும் செடிகளில் பெரும்பாலானவை பசியால் சாவதில்லை. வெளிச்சம் போதாமலும், வேருக்குக் காற்று கிடைக்காமலும், பருவம் தவறியும்தான் சாகின்றன. அதனால் கீழே உள்ள எல்லா அறிகுறிகளுக்கும் ஒரே விதி: உரத்தைக் கடைசியில் தொடுங்கள்.

இதை நம்பத் தயங்குபவர்களுக்கு ஒரு பழைய சோதனை. பிரசல்ஸைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட், காயவைத்து எடை போட்ட சுமார் 90 கிலோ மண்ணில் இரண்டேகால் கிலோ வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் விட்டார். மரம் 76 கிலோவைத் தாண்டியது. மண்ணில் குறைந்ததோ சுமார் 60 கிராம். அவர் இறந்த பிறகு 1648-ல் இது அச்சில் வந்தது. எடை முழுக்கத் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு செய்தார். காற்றில் இருக்கும் கரியமில வாயுவுக்கு அதில் பெரும்பங்கு உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. 1779-ல் டச்சு மருத்துவர் இங்கன்ஹவுஸ், செடியின் பச்சைப் பாகம் வெளிச்சத்தில் மட்டுமே ஆக்சிஜனை வெளிவிடுகிறது என்று காட்டினார். ஆக, செடி தன் சாப்பாட்டைக் காற்று, தண்ணீர், வெயில் மூன்றையும் வைத்துத் தானே செய்துகொள்கிறது. உரம் அதில் உப்பு, புளி மாதிரி. இல்லாமல் முடியாது, ஆனால் அதையே அள்ளிப் போட்டால் சாப்பாடு ஆகாது.

சரி, அறிகுறிக்கு வருவோம்.

விதை முளைக்கவே இல்லை

பத்து விதையை ஈரத் துணியில் மடித்து வையுங்கள். ஒரு வாரத்தில் நான்கைந்துகூட முளை விடவில்லை என்றால் விதைதான் பழசு. வெங்காய விதை ஒரு வருடத்திலேயே முளைப்புத் திறனை இழக்கத் தொடங்கிவிடும். தக்காளி, கத்தரி, வெள்ளரி விதைகள் சில வருடங்கள் தாங்கும்.

துணியில் முளைத்து மண்ணில் முளைக்கவில்லை என்றால் ஆழத்தைப் பாருங்கள். விதைக்குள் இருக்கும் சேமிப்பு, முளை வெளிச்சத்தைத் தொடும் வரைக்கும்தான் போதும். கீரை விதையை அரை அங்குலம் புதைத்தால் பாதி வழியிலேயே சேமிப்பு தீர்ந்துவிடும். அதை மணலோடு கலந்து மேலே தூவி, லேசாகத் தட்டிவிட்டாலே போதும். பாகல் விதைக்கு ஓடு கெட்டி, ஒரு ராத்திரி ஊறவைத்துப் போடுங்கள்.

நாற்று வெளிறி, நூல் மாதிரி நீண்டு சாய்கிறது

முதலில் தண்டு மண்ணைத் தொடும் இடத்தைக் குனிந்து பாருங்கள். அந்த இடம் நீர் கோத்து, இற்று, மெலிந்திருந்தால் அது நாற்றழுகல். பூஞ்சை வேலை. தண்ணீரைக் குறைத்து, விழுந்த நாற்றுகளைப் பிடுங்கிவிட்டு, மிச்சத்தைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். அடுத்த முறை விதைக்கும் கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அடித்தண்டு நன்றாக இருந்து, உயரம் மட்டும் எகிறியிருந்தால் வெளிச்சக் குறைவு. நாற்று ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் எந்தப் பக்கம் வெளிச்சம் இருக்கிறது என்பதை அதுவே காட்டிவிடும். சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் 1880-ல் வெளியிட்ட சோதனையில் புல் நாற்றின் நுனிக்கு மட்டும் வெளிச்சம் புகாத சிறு தொப்பி போட்டார்கள். அது வளையவில்லை. நுனியைத் திறந்துவிட்டு அடிப்பாகத்தை மட்டும் மூடினால் வளைந்தது. வெளிச்சத்தை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே. நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் நிழல் பக்கத்தில் அதிகம் சேர்ந்து அந்தப் பக்கத்துச் செல்களை நீட்டிவிடுவதுதான் காரணம் என்பது பின்னால் தெளிவானது.

முளை தலை காட்டிய அன்றே குழித்தட்டைக் காலை வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு வாரம் ஜன்னலோரம் வைத்திருந்து பிறகு வெளியே எடுப்பது வேண்டாம். ஏற்கெனவே நீண்டுவிட்ட தக்காளி நாற்றைக் காப்பாற்ற முடியும். முதல் நிஜ இலைக்குக் கீழ் வரை தண்டைப் புதைத்து நட்டால், புதைந்த தண்டு முழுக்க வேர் விடும். மிளகாய், கத்தரிக்கு இந்த வசதி குறைவு. அவற்றை மறுபடி விதைப்பதே நல்லது.

இலை மஞ்சளாகிறது

அதிகம் பேர் கேட்பது இதுதான், அதிகம் தவறான மருந்து விழுவதும் இதற்குத்தான். மஞ்சள் என்பது ஒரு நோய் இல்லை, ஐந்தாறு காரணங்கள் வந்து நிற்கும் ஒரே வாசல். அதனால் எந்த இலை மஞ்சளாகிறது என்று பார்க்காமல் எதையும் ஊற்றாதீர்கள்.

முதலில் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விடுங்கள். சேறாக இருந்து, புளித்த அல்லது அழுகிய வாடை வந்தால் மேற்கொண்டு இலையை ஆராய வேண்டாம், காரணம் கிடைத்துவிட்டது. வேரும் மூச்சு விடுகிறது. அதற்கு ஆக்சிஜன் மண்ணின் துளைகள் வழியாகத்தான் வரவேண்டும். அந்தத் துளைகளில் தண்ணீர் நிரம்பிக் கிடந்தால் வேர் மூச்சுத் திணறும். மூச்சு விடாத வேரால் சத்தை இழுக்க முடியாது. அப்போது மண்ணில் எவ்வளவு சத்து இருந்தாலும் இலை பட்டினியைத்தான் காட்டும். தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா பாருங்கள். தென்னை நார்க்கழிவு அதிகம் போட்ட பையில் மேல்பரப்பு காய்ந்த மாதிரி தெரியும், கீழே ஊறிக் கிடக்கும். மேலே மட்டும் பார்த்துத் தினமும் ஊற்றுவதுதான் இந்தக் கோளாறின் வழக்கமான கதை.

மண் சரியாக இருந்தால் இலையைப் பாருங்கள்.

கீழ் இலைகள் சீராக வெளிறி மஞ்சளாகி, மேலே கொழுந்து பச்சையாக இருந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. தழைச்சத்து செடிக்குள் நகரக் கூடியது. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து அதைக் கழற்றிப் புது இலைக்கு அனுப்பிவிடும். இங்கே உரம் உண்மையிலேயே வேலை செய்யும். புளிக்கவைத்துத் தண்ணீரில் நன்றாக நீர்த்த கடலைப் புண்ணாக்குக் கரைசல் கொடுத்தால் சில நாட்களில் கொழுந்து நிறம் மாறுவது தெரியும். மஞ்சளான பழைய இலை திரும்பப் பச்சையாகாது, அதற்காகக் காத்திருக்காதீர்கள். காய்க்கும் செடியில் அடியில் ஒன்றிரண்டு இலை பழுத்து விழுவது இயல்புதான்.

கீழ் இலைதான், ஆனால் நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சள் என்றால் மெக்னீசியம் குறைவு. பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் இருப்பது ஒரு மெக்னீசியம் அணு. இதுவும் செடிக்குள் நகரும் என்பதால் பழைய இலையில்தான் குறை முதலில் தெரியும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) கரைத்துச் சாயங்காலத்தில் இலையில் தெளியுங்கள்.

அதே நரம்புப் பச்சை, ஆனால் மேலே புதுக் கொழுந்தில் என்றால் இரும்புச்சத்துக் கோளாறு. இரும்பு ஓரிடத்தில் சேர்ந்தால் நகராது, அதனால் புது இலைதான் தவிக்கும். போர் தண்ணீர் விடும் வீடுகளில் இது அதிகம். கறிவேப்பிலை, செம்பருத்தி, ரோஜா மூன்றிலும் நன்றாகத் தெரியும். கொழுந்து எலுமிச்சை நிறத்திலிருந்து வெள்ளை வரைக்கும் போகும். மண்ணில் இரும்பு இருக்கும். உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து மண்ணின் கார நிலை ஏறியதால் அது கரையாமல் கிடக்கும். அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 2 முதல் 5 கிராம், சில சொட்டு எலுமிச்சைச் சாற்றோடு கரைத்து இலையில் தெளித்தால் கொழுந்து தேறும். ஆனால் தண்ணீரை மாற்றாத வரை மறுபடியும் வரும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து இந்தச் செடிகளுக்கு மட்டுமாவது விடுங்கள்.

இலை ஓரமும் நுனியும் கருகி, தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவம் இருந்தால் உப்பு சேர்ந்துவிட்டது. இரண்டு மூன்று முறை அடித்துளை வழியே வடியும்படி நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அது வரை எந்த உரமும் வேண்டாம்.

செடி வாடுகிறது

எந்த நேரத்தில் வாடுகிறது என்பதுதான் கேள்வி. பகல் ஒரு மணிக்குப் பூசணி இலையும் சுரை இலையும் குடை மடங்கின மாதிரி தொங்குவதும் சாயங்காலம் நிமிர்வதும் கோளாறு இல்லை. வேர் எடுக்கும் தண்ணீரில் 95 சதவீதத்துக்கு மேல் இலைத்துளைகள் வழியே ஆவியாகப் போய்விடுகிறது. உச்சி வெயிலில் போகும் வேகத்துக்கு வேரால் ஈடு கொடுக்க முடியாது. செடி இலைத்துளையை மூடிக்கொண்டு, இலையைத் தொங்கவிட்டு வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. துளை மூடியிருக்கும் நேரத்தில் கரியமில வாயுவும் உள்ளே வராது, அதனால் தினமும் நீண்ட நேரம் வாடினால் விளைச்சல் குறையும். தொட்டியைத் தரையிலிருந்து செங்கல் வைத்து உயர்த்துங்கள், மண்மேல் காய்ந்த இலையால் மூடாக்குப் போடுங்கள், கறுப்புப் பையாக இருந்தால் வெயில் படும் பக்கத்தைச் சாக்கால் மறையுங்கள். மே மாதக் காங்கிரீட் தளத்தில் வேர் வெந்துபோவது உண்மையாகவே நடக்கிறது.

காலையில் எழுந்து பார்க்கும்போதே வாடியிருந்தால் விஷயம் வேறு. மண் காய்ந்திருந்தால் தண்ணீர் விடுங்கள், சரியாகிவிடும். மண் ஈரமாக இருந்தும் வாடினால், தண்ணீர் இருந்தும் மேலே ஏறவில்லை என்று பொருள். தக்காளி, கத்தரி, மிளகாயில் இதைச் சந்தேகத்தோடு பாருங்கள். வேரழுகலாக இருக்கலாம், பாக்டீரியா வாடலாகவும் இருக்கலாம். இரண்டாவதைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி டம்ளர் ஒன்று போதும்.

வாடிய செடியின் அடித்தண்டில் விரல் நீளத் துண்டு ஒன்றைச் சுத்தமான பிளேடால் வெட்டுங்கள். டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை மட்டும் தண்ணீரில் முங்கும்படி பிடித்துக்கொண்டு அசையாமல் பாருங்கள். பாக்டீரியா வாடலாக இருந்தால் ஓரிரு நிமிடங்களில் வெட்டு முகத்திலிருந்து மெல்லிய பால் இழைகள் இறங்கத் தொடங்கும். புகை கீழ்நோக்கி வடிகிற மாதிரி தெரியும். தண்ணீர் போகும் குழாய்களை அடைத்துக்கொண்டிருக்கும் பாக்டீரியாக் கூட்டம்தான் அது. இழை வந்தால் மருந்து தேடி அலைய வேண்டாம். செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள், பிளேடைக் கழுவுங்கள், அந்த மண்ணில் தக்காளிக் குடும்பச் செடி எதையும் வைக்காதீர்கள். கீரையோ வெண்டையோ போடலாம். இழை வராமல், தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் பெரும்பாலும் பூஞ்சை வாடல். அதற்கும் முடிவு ஏறக்குறைய இதேதான்.

மிளகாய் இலை சுருள்கிறது

மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்டால் இலைப்பேன். கிளையை வெள்ளைத் தாள்மேல் தட்டினால் சின்னக் கோடு மாதிரி பூச்சி ஓடுவது தெரியும். கீழ்நோக்கி மடங்கி, இலைக்காம்பு நீண்டு எலிவால் மாதிரி ஆகியிருந்தால் சிலந்திப் பேன், இது கண்ணுக்குத் தெரியாது. வித்தியாசம் முக்கியம். இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசலோடு, வாரம் ஒருமுறை. சிலந்திப் பேனுக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், சாயங்காலம் மட்டும். வெயிலில் அடித்தால் இலை கருகிவிடும். இலை சிறுத்து, நரம்பு தடித்து, செடியே குட்டையாக நின்றுவிட்டால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். அந்தச் செடியைப் பிடுங்குவது மனதுக்குக் கஷ்டம்தான், ஆனால் பக்கத்துச் செடிகளுக்காகச் செய்தாக வேண்டும்.

பூ வருகிறது, உதிர்ந்துவிடுகிறது

தக்காளி என்றால் நாட்காட்டியைப் பாருங்கள். ஏப்ரல், மே மாதத்தில் பூ கொட்டினால் அது வெப்பம். பகல் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் 22 டிகிரிக்குக் கீழ் இறங்காவிட்டால் மகரந்தம் செயலிழந்துவிடும், பூ காம்போடு விழும். அது மட்டும் இல்லை. செடி ராத்திரியும் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது, வெப்பமான ராத்திரியில் பகலில் சேர்த்த சர்க்கரையை வேகமாக எரித்துவிடும். அந்த மாதங்களில் தக்காளியோடு மல்லுக்கட்டுவதைவிடச் சிறுகீரை, தண்டுக்கீரை போடுவது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. இவை மக்காச்சோளம் மாதிரி, கரியமில வாயுவை முதலிலேயே அடர்த்தியாகச் சேர்த்துவைத்துப் பயன்படுத்தும் வகை. தக்காளியும் மிளகாயும் தளரும் வெயிலில் இவை தளதளவென்று வரும்.

குளிர்ந்த மாதத்திலும் பூ உதிர்ந்தால் பூவை ஆட்டிவிடுங்கள். தக்காளிப் பூவில் மகரந்தப்பை ஒரு மஞ்சள் கூம்பாகச் சூலகமுடியை, அதாவது மகரந்தத்தை வாங்கும் பெண் பாகத்தின் நுனியை, சுற்றி மூடியிருக்கும். மகரந்தம் வெளியே வர அதிர்வு வேண்டும். தேனீக்கு அந்த வித்தை தெரியாது. பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்காரமிடும் கறுப்புத் தச்சு வண்டுகள் செய்யும். அவை வராத நாலாவது மாடியில் காலை பத்து மணி வாக்கில் பூங்கொத்துக் காம்பை விரலால் சுண்டிவிடுவது போதும்.

கத்தரியில் இன்னொரு சங்கதி உண்டு. உதிர்ந்த பூவையும் காய் பிடித்த பூவையும் பக்கத்தில் வைத்து நடுவே பாருங்கள். சில பூவில் பச்சைச் சூலகமுடி மஞ்சள் மகரந்தப்பைகளைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சிலவற்றில் அது குட்டையாக உள்ளேயே ஒளிந்திருக்கும். நீண்டது காய்க்கும், குட்டையானது உதிரும். ஒரே செடியில் இரண்டும் வரும். எனவே கத்தரியில் பூவில் ஒரு பங்கு உதிர்வது கோளாறே இல்லை. எல்லாப் பூவும் குட்டை முடியாக இருந்தால் அப்போது வெயில், உரம், தண்ணீர் மூன்றையும் சரிபாருங்கள்.

கொடி நிறையப் பூ, ஒரு காய்கூட இல்லை

பூசணி, சுரை, பீர்க்கு, புடலை, பாகல், வெள்ளரி எல்லாவற்றிலும் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. முதலில் ஆண் பூக்களாகவே வரும். பூவுக்குப் பின்னால் குட்டிக் காய் மாதிரி ஒரு புடைப்பு இருந்தால் பெண், வெறும் காம்பு என்றால் ஆண். முதல் இரண்டு மூன்று வாரம் ஆண் பூ மட்டுமே வந்தால் பொறுமையாக இருங்கள். அதற்குப் பிறகும் அப்படியே என்றால் தழைச்சத்தை நிறுத்துங்கள். அதிக தழைச்சத்தும் கடும் வெப்பமும் ஆண் பூவைக் கூட்டும். சுரையில் பக்கக் கிளைகளில் பெண் பூ அதிகம் வருவதால் நுனியைக் கிள்ளிவிடுவது பலன் தரும்.

பெண் பூ வந்து, பிஞ்சு நுனியிலிருந்து மஞ்சளாகி அழுகினால் மகரந்தம் சேரவில்லை. காய் ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சூம்பினால் அரைகுறையாகச் சேர்ந்திருக்கிறது. கையால் செய்துவிடலாம். ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். நேரம்தான் முக்கியம். பூசணி, வெள்ளரி, பாகல் விடியலில் மலரும், ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். சுரையும் பீர்க்கும் புடலையும் சாயங்காலம் மலர்பவை, அந்துப்பூச்சிகளை நம்பி இருப்பவை. காலையில் போய்ச் சுரைப்பூவைத் தடவி, காய்க்கவில்லை என்று பலர் வருந்துகிறார்கள்.

தக்காளியின் அடி கறுக்கிறது

காம்புக்கு எதிர்ப்பக்கம் தோல் மாதிரி கறுப்புத் தழும்பு விழுந்தால் சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை. அது தண்ணீரோட்டத்தோடு மட்டுமே நகரும். இலை அதிகம் ஆவியாக்குவதால் அங்கே போகும், காய்க்கு மிச்சம்தான். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதுதான் முக்கியக் காரணம். முட்டை ஓடு கரைய மாதங்கள் ஆகும், இந்தக் காய்ப்புக்கு உதவாது. தினமும் ஒரே அளவு தண்ணீர், மூடாக்கு, இவ்வளவுதான் மருந்து.

தளதளவென்று வளர்கிறது, பூக்கவே இல்லை

கரும்பச்சையாக, இலை பெரிதாக இருந்தால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது, நிறுத்துங்கள். மல்லிகையாக இருந்தால் கவாத்துச் செய்யுங்கள். புதுத் தளிரில்தான் பூ வரும், நவம்பர் கடைசியில் வெட்டிவிடுவது வழக்கம். தொட்டி முருங்கைக்குத் தண்ணீரைக் குறையுங்கள்.

அவரை, சாமந்தி என்றால் ராத்திரியின் நீளத்தைக் கேளுங்கள். பகல் குறைந்து இரவு நீண்டால்தான் பூக்கும் செடிகள் இவை. கார்னர், அல்லார்டு என்ற இரு தாவர ஆய்வாளர்கள் 1920-ல் அமெரிக்காவில் ஒரு புகையிலை வகையை வைத்து இந்த நடத்தையை விளக்கினார்கள். செடி அளப்பது இருட்டை, நடுவில் சிறிது வெளிச்சம் பட்டாலும் கணக்கு கலைந்துவிடும். சாமந்தி வளர்ப்பவர்கள் பூப்பைத் தள்ளிப்போட ராத்திரியில் பல்பு எரியவிடுவது இதனால்தான். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம், அதை வைத்தே நாட்டு அவரை பருவத்தைக் கண்டுகொள்கிறது. தையில் விதைத்த பட்ட அவரை மாதக்கணக்கில் கொடியாக ஓடுவதும், ஆடியில் விதைத்தது மார்கழி வாக்கில் பூத்துக் குலுங்குவதும் அதனால்தான். ஆடியில் விதைத்தும் பூக்கவில்லை என்றால் தெருவிளக்கோ மாடி விளக்கோ கொடிமேல் விழுகிறதா பாருங்கள். விளக்கை அணைக்க முடியாவிட்டால் தொட்டியைச் சுவரின் மறுபக்கம் நகர்த்துங்கள்.

எதுவுமே பொருந்தவில்லை

இலையும் பூவும் பதில் சொல்லவில்லை என்றால் ஒரு செடியைத் தியாகம் செய்து வேரைப் பாருங்கள். வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் நூற்புழு, வேருக்குள் புகுந்து வாழும் மிக நுண்ணிய புழு. அவரை, தட்டைப்பயறு வகையில் மட்டும் அவசரப்படாதீர்கள், அவற்றில் நல்ல முடிச்சும் உண்டு. விரலால் தேய்த்தால் உதிர்ந்து, நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியாவின் வீடு அது, விட்டுவிடுங்கள். வேரே வீங்கி, தேய்த்தாலும் கழலாமல் இருந்தால் நூற்புழுதான். அந்த மண்ணை மே மாத வெயிலில் தார்ப்பாய்மேல் மெல்லிதாகப் பரப்பி, நனைத்து, தெளிவான பாலித்தீன் தாளால் ஓரம் காற்றுப் புகாமல் மூடி ஆறு வாரம் விட்டுவையுங்கள். பிறகு வேப்பம் புண்ணாக்குக் கலந்து, முதல் பயிராகச் செண்டுமல்லி வையுங்கள்.